இடது கையில் ஒரு ஸ்க்ரூத் துண்டு

இன்று காலை டெல்லி மெட்ரோவில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். கையில் முழங்கை வரை புது மாவுக்கட்டு, இன்னும் முழுக்கக் காயவில்லை. யமுனா பாங்க் ஸ்டேஷன் தாண்டும்போது அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு, இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கித் திரும்பி வந்தேன். ஆபீசில் இப்போது சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்காமல் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாவுக்கட்டு என்றால் எனக்கு நீதான். நமக்குப் பதினாலு வயது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாலையோரம் வரிசையாக நாவல் மரங்கள். பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் காவலுக்கு ஆள் போட்டிருந்தான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஏறினோம். நீ கீழ்க் கிளையில், நான் மேலே. அவன் தடியோடு ஓடி வருவதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இறங்குகிற வழியில் நீ இருந்தாய். "நகருடா" என்று கத்திக்கொண்டே உன் தோளைக் காலால் உந்தினேன். நீ நடைபாதைக் கல்லில் இடது கையை ஊன்றி விழுந்தாய். எலும்பு முறிந்த சத்தம் மேலே இருந்த எனக்கும் கேட்டது.

உன் வீட்டில் நீ சொன்னது, "கால் வழுக்கிட்டும்மா." அவ்வளவுதான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெறும் கட்டோடு தீரவில்லை. பிளேட் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதை எடுக்கும்போது ஒரு ஸ்க்ரூவின் முனை உடைந்து எலும்புக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் தோண்டினால் எலும்புக்குத்தான் கேடு என்று சர்ஜன் விட்டுவிட்டார். உன் அம்மா, எங்கள் ஆன்ட்டி, நர்ஸ் இல்லையா, வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். "இங்கன பாரு மக்கா, அரிசி மாதிரி வெள்ளையா. அதான்."

உன் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ் எனக்கு அப்போது பாதி புரியாது. எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். நீ "ஏல" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, குவார்ட்டர்ஸில் இருந்த பஞ்சாபிப் பையன்கள்கூட என்னை "ஏலே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டாவது முடித்ததும் நீ ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினாய். அங்கிளுக்கு, அதாவது உன் அப்பாவுக்கு, விருப்பமில்லை. தன்னைப் போல நீயும் ஏதாவது ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காக உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறந்த சர்ட்டிபிகேட் வேண்டும் என்று வீட்டு டிரங்குப் பெட்டியைக் குடைந்தாய். மறுநாள் தால்கட்டோரா தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். இரண்டு கடலையை உடைத்து வாயில் போட்ட பிறகு சொன்னாய்.

"நான் அவங்க பெத்த பிள்ளை இல்லல."

பெட்டியின் அடியில் கோர்ட் காகிதம் இருந்தது. உன்னைக் கைக்குழந்தையாக வாங்கி, கார்டியன் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டது. ஆறு வருடம் கழித்துத்தான் உன் தங்கை ஜெபா அவர்களுக்குப் பிறந்தாள்.

அம்மாவிடம் கேட்டாயா என்று கேட்டேன். கேட்கவில்லை என்றாய். "அம்மா சொல்லுத வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது." என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். அம்மா கடைசி வரை சொல்லவில்லை. நீயும் கேட்காமலே போனாய்.

சேர்க்கையின்போது மெடிக்கலில் தழும்பைப் பார்த்துக் கேட்ட டாக்டரிடம் சின்ன வயதுக் காயம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாய். ஸ்க்ரூ உள்ளே இருக்கிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ராணுவத்தின் காகிதங்களில் அந்தத் துண்டு ஏறவே இல்லை. அன்று நீ சாமர்த்தியம் என்று நினைத்ததால் பின்னால் என்ன ஆயிற்று என்று கேள்.

வடக்கே பனிமலையில் உங்கள் ரோந்துப் படை மேல் பனிச்சரிவு விழுந்தது என்று தந்தி வந்தபோது உனக்கு இருபத்தேழு வயது. சிலர் கிடைத்தார்கள், நீ கிடைக்கவில்லை. பிறகு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள், சர்ச்சில் ஜெபக்கூட்டம் நடந்தது. அங்கிள் ரிட்டயராகி மயூர் விஹாரில் ஃபிளாட் வாங்கிப் போனார். நானும் கல்யாணமாகி அதே பக்கம் வந்து சேர்ந்தேன். முதலில் அங்கிள் போனார். நான்கு வருடம் முன்பு ஆன்ட்டி. இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். டெல்லியில் இடம் கிடைப்பதில்லை, ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி.

போன கோடையில் அந்த மலையில் பனி உருகிய இடத்தில் ஒரு ரோந்துப் படை ஒரு உடலைப் பார்த்தது. முழு உடல் இல்லை. அடையாளத் தகடு இல்லை. அந்த வட்டாரத்தில் வெவ்வேறு வருடங்களில் காணாமல் போனவர்கள் நிறையப் பேர். அதனால் வீடு வீடாகக் கூப்பிட்டு, டிஎன்ஏ ஒத்துப் பார்க்க ரத்தம் கேட்டார்கள். ஜெபாவையும் கூப்பிட்டார்கள். நான்தான் கூடப் போனேன். ஊசி குத்தும்போது அவள் சிரித்துக்கொண்டே, "அண்ணே, அவன் வந்துட்டான்னே நினைக்கேன்" என்றாள். அந்த ரத்தம் எதையும் சொல்லப் போவதில்லை என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும் தெரியும். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள். "ஒத்துப்போகலையாம். எந்தச் சம்பந்தமும் இல்லையாம். அவ்வளவுதான், முடிஞ்சுது." இந்தப் பக்கம் நான் "அச்சா" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நாள் கழிந்தது. அது நீயாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். நான் பேசாமல் இருந்தால் பெயர் தெரியாத எலும்பாக எங்கோ ஒரு அலமாரியில் நம்பர் போட்டு வைத்துவிடுவார்கள். பேசினால், அம்மாவும் நீயும் ஆளுக்கொரு பக்கம் பொத்தி வைத்ததை நான் போட்டு உடைக்க வேண்டும். கடைசியில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சத்தியம் வாங்கினவர் இப்ப அங்க குளிர்ல கிடக்கார். போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா சர்ச்சிலிருந்து திரும்பியதும் போனேன். சேலைகூட மாற்றியிருக்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். காகிதம், தோட்டம், சத்தியம் எல்லாம். முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவனுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மா எனக்குச் சொல்லல. அவன் எனக்குச் சொல்லல. நீங்க முப்பது வருஷத்துக்கு மேல இந்த வீட்டுல சாப்பிட்டிருக்கீங்க, நீங்களும் சொல்லல."

"சத்தியம் வாங்கிட்டான் ஜெபா."

"இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க? என் அண்ணனை எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டு, பொணத்த வாங்கிக்கோன்னு குடுக்கீங்க." கதவைக் காட்டினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வணக்கம், நலம் ஒன்றும் கிடையாது. "பரண்ல ஏறணும். ஸ்டூல பிடிக்க ஆளில்ல. வாங்க."

ஆன்ட்டி ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் தூக்கிப் போடமாட்டார் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். உன் தடுப்பூசிச் சீட்டிலிருந்து அங்கிளின் கடைசி ஈசிஜி வரை ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தது. ரத்தம் சொல்லாததைச் சொல்லக்கூடிய அந்த எக்ஸ்ரே அடியில் கிடந்தது. பழுப்பு உறையின் மேல் ஆன்ட்டியின் கையெழுத்து. "இடது கை. ஸ்க்ரூத் துண்டு உள்ள இருக்கு. எப்ப ஆப்பரேஷன்னாலும் டாக்டர்ட்ட சொல்லணும். மறக்கக் கூடாது."

டிரங்குப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தோம். கோர்ட் காகிதம் எங்கேயும் இல்லை. ஆன்ட்டி அதை எப்போது எடுத்து என்ன செய்தார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஜெபா தரையில் உட்கார்ந்து அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டாள். "அத ஒழிச்சுட்டு இத வச்சிருக்காங்க பாருங்க அண்ணே" என்றாள். அன்றுதான் மறுபடி அண்ணே என்று கூப்பிட்டாள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு மேஜர், பெண் டாக்டர். ஜெபா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு நான் யார் என்று கேட்க என் பக்கம் திரும்பி, "ஆப் கோன்?" என்றார்.

"தோஸ்த்" என்றேன்.

காகிதம் இல்லாததால் என் வாய்மொழியை எழுதிக் கொடுக்கச் சொன்னார். கை எப்படி முறிந்தது என்பதையும் எழுதச் சொன்னார். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். பிறகு உள்ளபடியே எழுதினேன்: மரத்திலிருந்து விழுந்தான், தள்ளியது நான். ஜெபா எட்டிப் படித்தாள். "நீங்களா? கால் வழுக்கிட்டுன்னு சொல்லி அம்மாட்ட எத்தன நாள் ஏச்சு வாங்கினான் தெரியுமா?" அந்த அறையில், அந்த நேரத்தில், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மேஜர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

பழைய படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். பக்கத்தில் அவர்கள் எடுத்த புதுப் படம். உடலில் கிடைத்தவற்றில் இடது முன்கை இருந்தது, அது அதிர்ஷ்டம்தான். எலும்பில் பிளேட் இருந்த இடத்துத் துளைகள் மூடித் தடமாகியிருந்தன. மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே அரிசி போல ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டு படத்திலும் அதே இடம், அதே சாய்வு. மேஜர் ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தார். "இதைக் குண்டுச் சிதறல் என்று எழுதி வைத்திருக்கிறோம்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். பிறகு ஜெபாவைப் பார்த்து, "மேடம், நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். அவள் உட்காரவில்லை. கண்ணாடிமேல் அந்தத் துண்டு இருந்த இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

குழு கூடி முடிவு சொல்ல இன்னும் சில வாரம் ஆயிற்று. நீதான் என்று கடிதம் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் குழியைத் திறக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு இறந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். ஜெபா தயங்கவே இல்லை. மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பாலம் விமான நிலையத்தில் விமானம் இறங்கியது, மரியாதை நடந்தது, வண்டி வந்தது. உன்னோடு அந்த வருடம் பனிமலையில் இருந்த ஒருவர் ஹரியானாவிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டியைச் சிப்பாய்கள்தான் தூக்க வேண்டும் என்பது விதி. வாசலிலிருந்து குழி வரைக்கும் அவருக்கும் எனக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். பெட்டி கனமாக இல்லை. மரத்தின் கனம்தான். போதகர் தமிழில் ஜெபம் செய்தார், சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், மரத்திலிருந்த கிளிகள் பறந்து போயின. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மேலே உன்னை இறக்கினோம்.

எல்லோரும் போன பிறகு ஜெபா அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கை முழுக்க மண். "அன்னைக்குத் தோட்டத்துல என்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "என்னப் பத்தி ஏதும் சொன்னானா?"

சொல்லியிருந்தாய். இத்தனை வருடத்தில் நானே அதை நினைத்துப் பார்த்ததில்லை. "ஏன்டா, ஜெபாகிட்டயாவது சொல்லலாமே" என்று அன்று நான் கேட்டேன். நீ கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாய்: "ஊர்ல இருந்து யாரு வந்தாலும் அவளுக்கு எம்மூக்குன்னு சொல்லுதாங்க. அவ அதக் கேட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னால போய் நிக்கா. அத ஏன்ல கெடுக்கணும்?"

அப்படியே சொன்னேன், உன் குரலில்தான் சொல்ல முயன்றேன். "பாகல், பைத்தியக்காரன்" என்றாள் ஜெபா. பிறகு மண் அப்பிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாளில் அன்றுதான் அழுதாள்.

இப்போது ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இட்லி சாப்பிடுகிறாள். உன்னைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்கிறாள். சரக்கு தீர்ந்துகொண்டு வருகிறது. போன வாரம் ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன், அவளுக்கும் அது தெரிந்திருக்கும். உனக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கேட்கத் தோன்றவில்லை. மரத்திலிருந்து உன்னைத் தள்ளியதற்குத்தான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.