மைனி எழுந்து போகாத பந்தி

மைனி,

பாறசாலைச் சந்தையில் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, கழுவி, அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். தோல் வெடித்து நீர் விடத் தொடங்கியதும் மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. நாளை இராப்போஜன ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நாள். நீங்கள் போன பிறகு ரசம் தயாரிக்கும் பொறுப்பை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சபைக் கமிட்டிச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அது உங்க வீட்டுக் காரியம் ஆக்கும், நீயே செய்யி" என்றார். உதியன்குளங்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்துகிறவன் கையால் பிழிந்த ரசம். தெரிந்துதான் குடிக்கிறார்கள்.

இந்த மணம் வந்தால் உங்கள் நினைவு வருகிறது. நினைவு வந்தால் அழுகை வரவேண்டும் என்பார்கள். எனக்கு அது மட்டும் வரவில்லை. உங்களை அடக்கம் செய்த அன்றும் வரவில்லை. பந்தல்காரனிடம் நாற்காலி போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா கையிலிருந்த இந்த வேலை அந்த வருடமே உங்களிடம் வந்தது. வெந்த திராட்சையைக் கையால் மசித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுவீர்கள். நான் ஒரு கரண்டி மோந்து குடிக்க வந்தால் கையில் ஒரு தட்டு விழும். "எலே, சபைக்கு உள்ளதாக்கும் இது. உனக்கு வேணும்ணா ஞாயிறாச்ச வரிசையில நின்னு குடி." பிறகு நீங்களே துணியில் மிஞ்சிய சக்கையில் சீனி போட்டு ஒரு கிண்ணத்தில் தருவீர்கள். சபைக்குப் போனதைவிட அதுதான் ருசி.

அண்ணன் போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உதியன்குளங்கரை முக்கில் ரோட்டைக் கடக்கும்போது வில்சனின் டெம்போ அடித்தது. வில்சனுக்கு நிற்கக்கூட முடியாத அளவு குடி. நம் சபைக்காரன்தான், பெருங்கடவிளைப் பக்கத்தில் வீடு. அவன் ஜெயிலுக்குப் போனான். உங்கள் பிள்ளை சுஜின் அதன்பிறகு சரியாகவே இல்லை. அப்பனோடு அன்று கடைக்குப் போகவேண்டியவன், தூங்கிவிட்டான். அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனும் தன் கையால் தன்னை முடித்துக்கொண்டான்.

நம் சபையில் ஆள் இறந்தால் கோயில் மணி அடிக்கும், உடலை உள்ளே கொண்டுபோய் ஆராதனை நடத்தி, பிறகுதான் கல்லறைத் தோட்டம். சுஜினுக்கு மணி அடிக்கவில்லை. உடலை உள்ளே எடுக்கவில்லை. முற்றத்தில் ஒரு ஜெபம், நம் வீட்டைச் சுற்றிய புரயிடத்து மூலையிலேயே அடக்கம். தன்னை முடித்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பழைய வழக்கம் என்றார்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்தார், பரலோகம் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த இராப்போஜனத்துக்கும் நீங்கள் ரசம் காய்ச்சினீர்கள். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, துணி சுற்றி, கோயிலில் கொடுத்தீர்கள். பந்தி பந்தியாக எல்லாரும் எழுந்து போய் பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியருகில் முட்டுப்போட்டார்கள். நீங்கள் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டு பெஞ்சிலேயே இருந்தீர்கள். அதன்பிறகு ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

பிறகு வில்சன் வெளியே வந்தான். ஜெயிலில் மனந்திரும்பினானாம். ஒரு ஞாயிறு சாட்சி சொல்ல முன்னால் வந்து நின்றான். "நான் ஒரு மனுசனைக் கொன்னவன்" என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதான். சபையே அழுதது. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் என் காதில், "சிலுவையில கெடந்த கள்ளனுக்கே கிட்டிச்சு, இவனுக்குக் கிட்டாதா? பரலோகத்துல இவனுக்கு இடம் உறப்பு" என்றார். நான் அண்ணனின் செருப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று ரோட்டிலும் ஒன்று ஓடையிலும் கிடந்தது. வில்சன் அன்று கிராதியருகில் முட்டுப்போட்டு, நீங்கள் காய்ச்சிய ரசத்தைக் குடித்தான்.

அன்றிலிருந்து சபை உங்களைத் திருத்த இறங்கியது. பகை உள்ளவர்கள் பந்திக்கு வரக்கூடாது என்பது சட்டம், நீங்கள் வருவதில்லை, ஆகவே வில்சன்மேல் பகை. கணக்கு சரியாக வந்துவிட்டது. வீட்டுக் கூட்டம் போட்டார்கள். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் போதகரின் கண் உங்கள் பெஞ்சில் வந்து நிற்கும். மாதர் சங்கத்துப் பெண்கள் பலகாரத்தோடு வந்து, "ஒரு வாக்கு சொல்லிப்போடுங்கோ, உங்களுக்கும் சமாதானம் கிட்டும்" என்றார்கள். நீங்கள் பலகாரத்தை வாங்கிக்கொண்டு சாயா போட்டுக் கொடுத்தீர்கள். உங்களுக்கு வில்சன்மேல் பகை என்றுதான் நானும் நினைத்தேன், மைனி. நினைத்து, உள்ளுக்குள் உங்களுக்குக் கை தட்டினேன். இந்த வீட்டில் ஒருத்தராவது அவனை மன்னிக்காமல் இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், இனி செய்ய ஒன்றுமில்லை, உங்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்திருந்த போதகர், சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். இளம் வயதுக்காரர், நல்லவர். கட்டிலருகில் உட்கார்ந்து, "எல்லார்கிட்டயும் சமாதானமா இருக்கியளா அம்மா?" என்று கேட்டார்.

"வில்சன் பரலோகத்துல உண்டா அய்யா?" என்று கேட்டீர்கள்.

"மனந்திரும்பின யாருக்கும் உண்டு அம்மா."

"சரி. சுஜின்?"

அவர் பெட்டியை மூடினார், திறந்தார். தேவனுடைய கிருபை பெரியது என்றார், நமக்குத் தெரியாத காரியங்கள் பல உண்டு என்றார். "நீட்டாதீங்கோ அய்யா. உண்டா, இல்லியா?" அவர் மறுபடியும் பெட்டியை மூடினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பி, "மக்கா, வில்சனைக் கூட்டிட்டு வா" என்றீர்கள்.

நான் போனேன். என் பைக்கில் அண்ணனைக் கொன்றவனைப் பின்னால் ஏற்றி வந்தேன். அவன் கை என் தோளைத் தொடாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. கோபம் வருமென்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

நீங்கள் அவனை மன்னிக்கப்போகிறீர்கள் என்று போதகர் நினைத்தார், ஜெபப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். வில்சன் தரையில் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட எனக்கு வழக்கு இல்ல, வில்சா. இருந்தது, எப்பமோ போச்சு. சபை முழுக்க உனக்கு அங்க இடம் உண்டுண்ணு சொல்லுதாவ. அப்பிடி உறப்பா சொல்லுக வேற ஆளு எனக்குத் தெரியாது. அதுனால கேக்கேன். என் பிள்ளைய வெளிய நிறுத்தியிருக்காவளாம். அவன் வெளிய நிக்கும்போ நான் உள்ள போய் பந்தியில இருந்து திங்க மாட்டேன். அதாக்கும் இத்தன வருசமும் நான் எழும்பாதது. நீ போம்போ அவனுக்காக ஒரு வாக்கு சொல்லுவியா?"

உங்கள் மூச்சு இரைத்தது. வில்சன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவன் வெளிய நிக்கது நான் அடிச்ச அடியாலயாக்கும், அக்கா. அவனை வாசல்ல கண்டா நானும் உள்ள போவ மாட்டேன்."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். சந்தையில் விலை ஒத்துப்போனதுபோல அத்தனை சாதாரணமாக. "இவனுக்கு சாயா குடு மக்கா" என்றீர்கள். போதகர் அப்பத்தைப் பிட்டு நீட்டினார், நீங்கள் வாய் திறக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது, "எனக்கு இதெல்லாம் படிப்பிச்சுத் தரல்ல" என்று என்னிடம் சொன்னார். அவருக்கும் ஒரு சாயா கொடுத்தேன்.

உங்களுக்கு மணி அடித்தது, மைனி. உடலைக் கோயிலுக்குள் எடுத்தார்கள், பாட்டெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. நீங்கள் பரலோகத்தில் பந்தி இருப்பதாகப் போதகர் சொல்லவில்லை. "தாம் நேசித்தவர்களோடு இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். அது எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை.

வில்சனை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதினால் நன்றாக இருக்கும். எழுத வரவில்லை. அவனைப் பார்த்தால் எனக்குள் ஒன்றும் நடப்பதில்லை, அவ்வளவுதான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே கிடக்கிறது. கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அது அங்கேயே இருக்கிறது.

போன இராப்போஜன ஞாயிறு பந்திகள் ஒவ்வொன்றாக எழுந்து போய் வந்தன. என் பெஞ்சின் முறை வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள், என் கால் எழவில்லை. யோசித்துச் செய்ததல்ல. கடைசிப் பந்தியும் முடிந்து, போதகர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் யாரெங்கிலும் உண்டா?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "உண்டு அய்யா. சுஜின் உண்டு."

வில்சன்தான். அவனும் எழாமல் பின்பெஞ்சில் இருந்திருக்கிறான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அந்தக் கோயிலுக்குள் உரக்கச் சொன்ன பெயர். யாரும் திரும்பவில்லை. போதகர் பாத்திரத்தை மூடாமல் அப்படியே நின்றார்.

நானும் திரும்பிப் பார்க்கவில்லை, மைனி. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டு உட்கார்ந்தேன். இப்போது எல்லா ஞாயிறும் அப்படித்தான் உட்காருகிறேன்.