போக விட்டார்

ஜனவரி 16, வெள்ளி இரவு

இங்கே கனடாவில், பிறம்ரனில் மத்தியானமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வெயர்ஹவுஸ் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உன்னைப் போக விடுகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பனிக்காக வேளைக்கே வீட்டுக்கு அனுப்புகிறான் என்று நினைத்துக் கைகொடுத்து நன்றி சொன்னேன். நல்ல மனுசன் என்று புகழ்ந்தும் வைத்தேன். வாசலில் காவலாளி அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டபோதுதான் போக விடுவதென்றால் ஆங்கிலத்தில் வேலையால் நிறுத்துவது என்று விளங்கியது. இத்தனை வருடத்தில் நான் படித்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பின்னேரம் மகள் யாழினி, நாளைக்குத் தமிழ் வகுப்பில் பேசப்போவதைத் திருத்தச் சொல்லி வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேயர் ஒருவரைப் பற்றியது. மர ஆலை வைத்துப் பணக்காரரானவராம். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவராம்.

"அவர் மேயருக்கு ஓடினார்" என்று வாசித்தாள்.

"ஏன் பிள்ளை, நாய் கலைச்சதோ?"

"அப்பா, சீரியஸா இருங்கோ!"

"போட்டியிட்டார் எண்டு எழுதம்மா."

சிரித்துக்கொண்டே திருத்திவிட்டு அடுத்த வரியை வாசித்தாள்: "ஒரு பனிக்காலத்தில் ஆலையை மூடி, தொழிலாளர் எல்லாரையும் போக விட்டார்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுவும் பிழையோ அப்பா?"

வேலையால் நிறுத்தினார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாய்வரை வந்தது. அடுப்படியில் மனைவி நின்றாள்.

"இல்லை, சரி" என்றேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட சாப்பாட்டுப் பெட்டி எங்க?" என்று மனைவி கேட்டாள். அவசரத்தில் வெயர்ஹவுஸிலேயே விட்டுவிட்டேன்.

"மறந்திட்டன். திங்கக்கிழமை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லியிருக்கிறேன்.