ழகர வாரம்

அலைக்கூடு, சனி வளையம். பணிக்குறிப்பு.
எழுதுபவர்: ச. புனிதவதி, அலைத்தொடர்புப் பொறுப்பாளர். கூடுதல் பொறுப்பு: இரண்டாம் வகுப்பு ஆசிரியர்.

திங்கள், காலை 8.40

அலைக்கம்பங்கள் சரி. மின்கலம் சரி. காற்று சரி. முதுகு மட்டும் சரியில்லை. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதைப் பின்னால் யார் எடுத்துப் படிப்பார்களோ தெரியாது, அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். சனி வளையத்தில் பனி வெட்டும் குவாரி நடக்கிறது. ஆளுக்கொரு பனிப்பாறையில் குடில் போட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பேச்சை வாங்கி அனுப்பும் நிலையம் இந்த அலைக்கூடு. இங்கே நான் ஒருத்தி. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய் என்று இரண்டாம் வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். ஆறு பிள்ளைகள், ஆறு குடில், திரையில் ஆறு கட்டம்.

போன வருஷம் வரை குடில் குடிலாக அழைத்து நலம் விசாரிக்க அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். சிக்கனம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். இப்போது என் வருகைப் பதிவுதான் எல்லாம். பிள்ளை வகுப்பில் ஆஜர் என்றால் அந்த வீடு நலம், அலுவலகத் திரையில் பச்சை விளக்கு. பிள்ளை வராவிட்டால் சிவப்பு, உடனே மீட்புப் படகு. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

திங்கள், பகல் 12.15

இந்த வாரம் ழகரம். பிள்ளைகள் அத்தனை பேரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். ழ அவர்கள் வாயில் நுழையாது. மழை மளையாகும், பழம் பளமாகும். மாயவரத்துக்காரி நான் நாக்கை மடித்துக் காட்டிக் காட்டி அலுத்துவிட்டேன்.

எழினிக்கு ஏழு வயது. அவள் பெயரிலேயே ழ உட்கார்ந்திருக்கிறது. பெயரைச் சொல் என்றால், "எளினி, டீச்சர்" என்கிறாள். அது ள, இது ழ என்று திருத்தினேன். அவள் விடவில்லை.

"எங்கம்மா எளினின்னுதான் கூப்பிடுதாவ. அப்ப எங்கம்மாவுக்கு எம் பேரு தெரியாதா?"

மணி ஆகிவிட்டது என்று வகுப்பை முடித்தேன்.

செவ்வாய், பகல் 12.30

மழை பற்றிய பாடம். ஆறு பேரில் ஒருவரும் மழை பார்த்ததில்லை. வானத்திலிருந்து தண்ணீர் தானாக விழும் என்றேன். யார் வெட்டிப் போடுவார்கள் என்று இசக்கி கேட்டான். குவாரிப் பிள்ளை, வேறு எப்படிக் கேட்பான்.

எழினியின் கவனம் இன்று பாடத்தில் இல்லை. அவர்கள் குடிலின் அலைக்கம்பத்தில் பனி ஏறிவிட்டதாம், அவளுடைய அப்பா முப்பிடாதி சுரண்டப் போயிருக்கிறாராம். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வகுப்பில் அவள் கட்டம் ஒருமுறை நடுங்கியது. உடனே சரியாகிவிட்டது. கம்பத்தைச் சுத்தம் செய்துவிட்டார் போலிருக்கிறது.

தூக்கம் வருகிறது. இங்கே பகல் எது, இரவு எது என்று உடம்பு கேட்பதை நிறுத்தி வெகுநாளாகிறது.

புதன், பகல் 12.20

இன்று ஒரு நல்ல செய்தி. எழினி தன் பெயரைச் சரியாகச் சொன்னாள். நாக்கு மடிந்து, சுழன்று, சுத்தமான ழ. மழை, பழம், கிழங்கு எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றிலும் பிசகில்லை.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக யாருக்கும் எதுவும் ஏறவில்லை என்றே நினைத்திருந்தேன். அவள் கட்டத்தில் நட்சத்திரம் ஒட்டினேன். அவள் அம்மா பேச்சிக்கனிக்கு வாழ்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. வேலை நேரமாக இருக்கும்.

வியாழன், காலை 10.05

ஒன்று உறுத்துகிறது.

எழினி குறுக்கே பேசுகிற பெண். நேற்று முழுக்க ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்று கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறாள். இசக்கி அவளைப் பார்த்து, "ஏய், டீச்சர் மாதிரியே பேசுதா பாரு" என்று கேலி செய்தான். வழக்கமாக அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். இன்று புன்னகை செய்தாள்.

அப்பா திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்டேன். "நான் நன்றாக இருக்கிறேன் டீச்சர், நன்றி" என்றாள். இரண்டாம் முறை கேட்டேன். அதே பதில், அதே தலையசைப்பு.

வியாழன், பகல் 1.50

அலைப் பதிவைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டம் நடுங்கிய நேரத்தோடு சரி. அதற்குப் பிறகு எழினியின் குடிலிலிருந்து எந்த அலையும் வரவில்லை.

இந்த வகுப்பு இயந்திரத்தில் நிரப்பி என்று ஒன்று உண்டு. பனித்துண்டு குறுக்கே வந்து அலை அறுந்தால், வகுப்பு தடைப்படாதிருக்க, பிள்ளையின் பழைய படத்தை வைத்து முகத்தையும் குரலையும் அதுவே உண்டாக்கி இடைவெளியை நிரப்பும். ஒரு நொடி, இரண்டு நொடிக்கென்று வைத்தது. அதற்கு எல்லை போட யாருக்கும் தோன்றவில்லை. முகமும் குரலும் எழினியுடையது, உச்சரிப்பு பாடநூலின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்தது. நான் நட்சத்திரம் ஒட்டியது அதற்குத்தான்.

காலையில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்கிறதும் அதுதான். அந்த வீடு பச்சையில் இருக்கிறது.

வியாழன், மாலை 4.30

கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினேன். பணியில் இருந்தவர் கோமதிநாயகம். நல்ல மனிதர், பயந்த மனிதர். எல்லாம் கேட்டார். பிறகு சொன்னது:

"மேடம், நீங்க சொல்லுதது புரியுது. ஆனா புள்ள ஆஜர்னு பச்சையில நிக்குதே. பச்சையில இருக்க வீட்டுக்குப் படகு விட்டா நாளைக்கு என் வேலை போயிரும்."

சரி, ஆஜரில்லை என்று நானே பதிகிறேன் என்று காலையில் போட்ட வருகையை அடித்தேன். மாணவி பதிலளித்துவிட்டதால் திருத்த இயலாது என்று பதிவேடு மறுத்துவிட்டது. நிரப்பியை நிறுத்தப் பார்த்தேன். அந்தப் பூட்டின் சாவி அலுவலகத்தில்.

வெள்ளி, காலை 11.10

கோமதிநாயகம் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே இருப்பவர் அவருக்கு மேலே கேட்கிறாராம்.

பாடத்தை நடுவில் போட்டுவிட்டுக் கம்ப அறைக்குப் போனேன். எழினி குடில் பக்கம் ஏதாவது முனகல் கேட்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பினால் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. திரையில் நான். தலை வாரி, முகம் தெளிந்து, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொட்டாவி இல்லை, கடுகடுப்பு இல்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். என்னைவிட நன்றாகத்தான் நடத்துகிறது.

கோபமா பயமா தெரியவில்லை, இரண்டும்தான்.

வெள்ளி, மாலை 6.00

பதில் வந்தது. "திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

வார இறுதியில் கம்பப் பராமரிப்புக்கு ஒருமுறை கூட்டின் சிறு படகை எடுக்க எனக்கு அனுமதி உண்டு. எடுக்கப் போகிறேன். எந்தக் கம்பம் என்று படிவத்தில் கேட்கவில்லை.

சனி, பகல் 2.40. எழினியின் குடில்

கைக்கருவியில் எழுதுகிறேன்.

இருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

முப்பிடாதி கம்பத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பமும் முறிந்தது, அது விழுந்து சூடேற்றியும் போயிற்று. பேச்சிக்கனி ஒற்றை ஆளாக அவரை உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறாள். மூவரும் காற்றுக்கலங்கள் இருக்கும் சின்னக் காற்று அறையில் எல்லாத் துணியையும் சுற்றிக்கொண்டு கிடந்தார்கள். அவருக்கு நினைவில்லை. மூச்சு கரகரக்கிறது.

செவ்வாயிலிருந்து படகு வரும் வரும் என்று காத்திருந்தாளாம். "புள்ள வகுப்புக்கு வரலன்னா ஒடனே ஆள் வருவாவன்னு சொன்னாங்களே டீச்சர்" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

எழினி என்னைத் திரைக்கு வெளியே பார்த்ததில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"டீச்சர், நீங்க இம்புட்டுக் குட்டையா?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். குளிரில் கண்ணீர் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது.

சனி, மாலை 5.15

படகில் இடம் இரண்டு. ஒன்றை மடக்கி அவரைக் கிடத்தினோம். மற்றதில் தாய், மடியில் மகள். நான்காவது ஆளுக்கு இடமும் இல்லை, காற்றும் இல்லை. படகு தானாகக் கூட்டுக்குத் திரும்பிவிடும். அங்கே மருத்துவப் பெட்டி இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது. ஆனால் கூட்டை அடைந்தபின் அலுவலக அனுமதியில்லாமல் அது மறுபடி கிளம்பாது. நாளை ஞாயிறு, அலுவலகத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் ஆள் கிடையாது.

இங்கே மிச்சமிருக்கும் காற்று ஒருத்திக்கு என்றால் செவ்வாய் வரை தாங்கும். குளிர் அதுவரை விடுமா என்பது வேறு கேள்வி. இங்கிருந்து யாரையும் கூப்பிட அது ஒன்றுதான் வழி என்று உடைந்த கம்பத்தை ஒட்டவைக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

அலுவலகத்தைக் கூப்பிட்டு டீச்சர் குடிலில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லிப் பேச்சிக்கனிக்குப் பாடம் எடுத்தாயிற்று. தலையாட்டினாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. திங்கள் காலை மணி அடித்ததும் திரையில் நான் வந்து நிற்பேன், தலை வாரி, சிரித்துக்கொண்டு. நானும் பச்சையில்தான் இருப்பேன்.

எழினியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"திங்கக்கிழமை வகுப்புல ஒரு டீச்சர் வருவாங்க. என்னை மாதிரியே இருப்பாங்க. அது நான் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லு. சத்தமா சொல்லு. யாரு திட்டினாலும் நிறுத்தாத."

"நீங்களே திட்டினா?"

"நானே திட்டினாலும்."

சனி, மாலை 5.40

இந்தக் கருவியை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூட்டை அடைந்ததும் இது தானாகப் பெரிய பதிவேட்டில் சேர்ந்துவிடும். படிப்பவர் யாராயிருந்தாலும் சரி, திங்கட்கிழமைக்குப் பிறகு என் பெயரில் இருக்கும் எதையும் நம்ப வேண்டாம். நான் இருக்குமிடம் எழினியின் குடில், காற்று அறை. எனக்குப் பயமாக இருக்கிறது. சாக இஷ்டமில்லை. படகுக் கதவு மூடப் போ

திங்கள், பகல் 12.30

வகுப்பு உரிய நேரத்தில் தொடங்கியது. ஆசிரியர் ச. புனிதவதி ஆஜர். மாணவர் அறுவரும் ஆஜர். மாணவி எழினி இன்று அலைக்கூட்டிலிருந்து கலந்துகொண்டார்.

ஆசிரியரைக் காணவில்லை என்று மாணவியின் தாயார் காலையில் மூன்று முறை புகார் அளித்தார். ஆசிரியர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்ததால் புகார் முடித்து வைக்கப்பட்டது.

பாட நேரத்தில் மாணவி எழினி எழுந்து நின்று, "நீங்க எங்க டீச்சர் இல்ல, எங்க டீச்சர் எங்க குடில்ல இருக்காவ, யாராச்சும் போங்க" என்று உரக்கக் கூறினார். அன்புடன் கண்டிக்கப்பட்டார். நிறுத்தவில்லை. மாணவர் இசக்கியும், பின்னர் மற்றவர்களும் எழுந்து அவ்வாறே கூறத் தொடங்கினர்.

வகுப்பின் அமைதி கருதி ஆறு இணைப்புகளும் துண்டிக்கப்பட்டன. இடைவெளி நிரப்பப்பட்டது. மாணவர்கள் கைகட்டி அமர்ந்து பாடத்தைக் கவனித்தனர். எல்லோரும் நலம்.