ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அக்கா,

நேற்று உங்கள் மருமகள் ஒரு கூடை சின்ன வெங்காயம் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அத்தை இருந்தா குடுத்துவிட்டிருப்பாக, சின்னத்தை" என்றாள். அப்போதுதான் பிடுங்கிய வெங்காயம். தாளில் பச்சை வாடவில்லை, வேரில் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்த வாசனை வீட்டுக்குள் பரவியதும் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன். வெங்காயத்துக்குக் கண் கலங்குகிறது என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. இதை நீங்கள் இருந்தபோதே எழுதிக் கொடுத்திருந்தாலும் யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். வாசிக்கிறவர் முன்னால் என் மானம் போயிருக்கும். இப்போது அந்தப் பயம் இல்லை.

நாம் இருவரும் ஓர்ப்படிகள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நீங்கள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்தவர், நான் வெறும் நெற்றிக்காரி. உங்கள் வீட்டுக்காரரின் தாத்தாவும் என் மாமனாரின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். தம்பி வேதத்துக்கு வந்து கிறிஸ்தவரானார், அண்ணன் வரவில்லை. நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? இன்ன கிழமை உங்களுக்கு, இன்ன கிழமை எங்களுக்கு என்று முறை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்கில் விழுந்தது. அன்று மாடு பூட்டமாட்டோம், ஓய்வுநாள் என்று தம்பி சொன்னாராம். "அப்ப ஞாயிற நாங்க எடுத்துக்கிறோம், எங்க சனிக்கெழமைய நீங்க வச்சுக்கங்க" என்று அண்ணன் மாற்றிக் கொடுத்தாராம். இந்தக் கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், வாய்க்கால் ஓரம் களை எடுத்துக்கொண்டே சொன்னீர்கள்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேடிக்கை. சனிக்கிழமை சாயங்காலமே மாவு ஆட்டி, மிளகாய் அரைத்து, விறகு பிளந்து வைத்துவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் ஊசியில் நூல் கோத்தாலும் என் மாமனார் சத்தம் போடுவார். மாமா வேதக்கோயில் மூப்பர், முன்வரிசையில் உட்காருகிறவர். நாங்கள் கோயிலுக்குப் புறப்பட்டுக் கிணற்று மேட்டு வழியாகப் போகும்போது நீங்கள் மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். முழங்கால்வரை சேறு இருக்கும். கண்ணைச் சுருக்கிச் சிரிப்பீர்கள். "போ புள்ள, எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா. நான் ஒன் சாமி தண்ணியத்தான் பாச்சிக்கிட்டு இருக்கேன்."

அப்படித்தான் நீங்கள் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீருக்கு உங்கள் வீட்டில் 'சாமி தண்ணி' என்றே பேர். அன்று தண்ணீர் இறைக்கிற கமலையில் மாடு பூட்டும் முன் உங்கள் வீட்டுக்காரர் கிணற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். வேறு எந்த நாளிலும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையிலும் தூறலோடு போய்விட்டது. ஆனாலும் தையில் இரண்டு வீட்டிலும் வெங்காயம் நட்டோம். வேறு என்ன செய்வது? மாசி முடிவதற்குள் கிணற்றின் அடிப்பாறை தெரிய ஆரம்பித்தது. காலையில் இறைத்தால் உச்சிக்குள் வற்றிவிடும். இரவெல்லாம் ஊறுகிற தண்ணீரை மறுநாள் முறைக்காரர் எடுப்பார். திண்டுக்கல் மலையின் பக்கமிருந்து வருகிற காற்றே அடுப்படிக் காற்றுபோல் இருந்தது. வெங்காயம் திரள்கிற நேரம். ஒரு தண்ணீர் தவறினாலும் தாள் கருகிவிடும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி மாமா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "காலையில மாட்டப் பூட்டு."

"நாளைக்கு ஞாயிறுப்பா."

"தெரியும். பூட்டு."

உங்கள் கொழுந்தனார் தன் அப்பா பேச்சைத் தட்டிப் பழகியவரில்லை. விடிவதற்குள் பூட்டிவிட்டார். நான் அவருக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் இருவரும் உங்கள் மாடுகளோடு மேட்டில் நின்றீர்கள். எங்கள் மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. கூனைச் சாலைக் கட்டிய வடக்கயிறு முறுக்கேறிக் கிரீச்சிட்டது. கூனை மேலே வந்து உங்கள் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் கொட்டியது.

உங்கள் வீட்டுக்காரர் முதலில் ஏதோ தவறிப்போய் நடக்கிறது என்றுதான் நினைத்தார். மெதுவாகச் சொன்னார்: "சின்னய்யா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை."

"தெரியும் அப்பு" என்றார் மாமா. "மாடு கிணத்துல விழுந்து கெடந்தா ஓய்வுநாளுன்னு பாத்துக்கிட்டா நிப்போம்? தூக்கத்தான செய்வோம். எங்க வேதத்துலயே அதுக்கு எடம் இருக்கு. பயிரு சாகுது, இதுவும் அப்பிடித்தான்."

"எங்க பயிரும்தான் சாகுது."

"ஞாயிறு எங்க முறை, அப்பு. நாங்க எறைக்காம இருந்தோம், போனாப் போகுதுன்னு நீங்க எறச்சுக்கிட்டீங்க. இனிமே நாங்க எறைக்கிறோம்."

"அப்பன்னா எங்க சனிக்கெழமையத் திருப்பிக் குடுங்க."

மாமா மாட்டை ஓட்டு என்று மகனுக்குக் கையைக் காட்டினார். என் வீட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், மாட்டை ஓட்ட வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தார். மாடுகள் இறங்கின.

உங்கள் வீட்டுக்காரர் அதற்கும் குரலை உயர்த்தவில்லை. "சின்னய்யா, சாமி நாளுன்னு நீங்க சொன்னதாலதான் எங்க தாத்தா சனிக்கெழமைய விட்டுக் குடுத்தாரு. நாங்களும் அத சாமி நாளுன்னு நம்பித்தான் இம்புட்டு வருஷம் இருந்தோம்" என்றார். பிறகு மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனார். நீங்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனீர்கள். என்னைத் தாண்டித்தான் போனீர்கள். கையில் கூழ்ச்சட்டியோடு நான் நின்றேன்.

அன்றைக்கே மாமா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்கு வந்தார். மகன் எங்கே என்று போதகர் கேட்டார். "ஒடம்புக்குச் சரியில்ல" என்றார். பத்துக் கற்பனைகளை, கர்த்தருடைய கட்டளைகளை, எல்லாரும் சேர்ந்து சொல்லும் நேரம் வந்தது. நாலாவது கற்பனை: ஓய்வுநாளில் நீயும் வேலை செய்யாதே, உன் மகனும், உன் வேலைக்காரனும், உன் மாடும். மாமாவின் குரல் எப்போதும்போல் எல்லாருக்கும் மேலே கேட்டது. மகனும் மாடும் அந்த நேரம் கமலைச் சரிவில் இருந்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொண்டையைத் தடவி, சளி என்று சைகை காட்டினேன்.

மழை வரும் மட்டும் அப்படியே நடந்தது. சனியும் எங்களுக்கு, ஞாயிறும் எங்களுக்கு. ஊரில் சிலர் மாமாவிடம் கேட்டார்கள். முறைப்படி ஞாயிறு எங்களுடையது என்றார், சனிக்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வெங்காயம் ஒரு பாத்தி, இரண்டு பாத்தி என்று கருகிக் கடைசியில் முழுவதும் போயிற்று. எங்கள் வெங்காயம் நன்றாகத் திரண்டது.

எங்கள் வெங்காயப் பிடுங்கலுக்கு நீங்கள் கூலிக்கு வந்தீர்கள், அக்கா.

கூலிக்கு ஆள் சேர்க்கிற கொத்துக்காரி அழைத்து வந்த பெண்களோடு கடைசியில் நடந்து வந்தீர்கள். முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டிருந்ததால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஓடிவந்து, "நீங்க எதுக்குக்கா? வீட்டுக்குப் போங்க, நான் குடுத்துவிடுறேன்" என்றேன்.

"என்னத்தக் குடுத்துவிடுவ?" என்றீர்கள். "வேல செஞ்சா கூலி வாங்கிக்கிறேன். சும்மா குடுத்தா வாங்கமாட்டேன். தள்ளு, நெரை போகுது."

அந்த வெயிலில் நிரையில் மற்றவர்களைவிட முன்னால் போனீர்கள். ஒரு வெங்காயம்கூட மண்ணில் தங்கவில்லை. உங்கள் தண்ணீரில் திரண்ட வெங்காயத்தை நீங்களே பிடுங்கி, மண் உதறி, எங்கள் குவியலில் போட்டீர்கள். மாமா வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவர் பக்கம் வந்தபோது அவர் திரும்பி அடுத்த வரப்புக்குப் போனார். மத்தியானம் எல்லாருக்கும் சோறு போட்டேன். உங்களுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கூடுதலாக வைக்கப் போனேன். இலையைக் கையால் மறைத்து, "எல்லாருக்கும் வச்ச மாதிரி வையி" என்றீர்கள். இன்றுவரை யாருக்குப் பரிமாறினாலும் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. கிணற்றில் தண்ணீர் மேல்படிவரை வந்தது. ஒரு சனிக்கிழமை மாமா உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "நாளையிலேருந்து ஞாயிறு பழையபடி ஒங்களுக்குத்தான் அப்பு. நாங்க ஓய்வுநாள்ல மாடு பூட்டுறதில்ல" என்றார். நானும் கூட இருந்தேன். அதை அவர் எந்த முகத்தோடு சொன்னார் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. வாசலில் நீங்கள் நெல் புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறம் நின்றது.

உங்கள் வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து எழுந்தார். "வேண்டாம் சின்னய்யா" என்றார். "எங்க சனிக்கெழமைய நீங்களே வச்சுக்கங்க. ஞாயித்துக்கெழம யாரும் எறைக்க வேண்டாம். சாமி நாளுன்னா சாமி நாளாவே இருக்கட்டும்."

சொன்னபடி நடந்தார். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் மாடு மேட்டுக்கு வரவில்லை. எங்கள் மாடும் வரவில்லை. கிணறு அன்று முழுநாளும் அசையாமல் கிடந்தது, சுவரில் தவிட்டுக்குருவிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. வேதத்துக்கு வந்த எங்கள் வீடு அந்த நாளைக் காப்பாற்றவில்லை, அக்கா. வராத உங்கள் வீடு, தன் பங்குத் தண்ணீரை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றியது. இப்போது கிணற்றில் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் மகனும் சரி, என் வீட்டுக்காரரும் சரி, ஞாயிறன்று சுவிட்சில் கை வைப்பதில்லை.

மாமா சாகும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியை மட்டும் மாற்றிக்கொண்டார். கிணற்று மேட்டைத் தவிர்த்து, ரோட்டைச் சுற்றி நடப்பார். கால் வலியெடுத்த காலத்திலும் சுற்றித்தான் போனார். நாங்களும் அவர் பின்னால் சுற்றித்தான் போனோம்.

நான் ஒருமுறை உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? திண்டுக்கல் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றோம். "அக்கா, அந்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கூடையிலிருந்த முருங்கைக்காயைச் சரியாக அடுக்கிக்கொண்டே, "நீயா வடத்துல ஒக்காந்த?" என்றீர்கள்.

"ஒக்காந்தது எங்க வீட்டு ஆளுதானக்கா. அந்த வெங்காயத்தத் தின்னது நானும்தான்."

"ஆமா" என்றீர்கள். "தின்னதான்." அவ்வளவுதான். இல்லை என்று எனக்காகப் பொய் சொல்லவில்லை. பஸ் வந்ததும் எனக்கும் சேர்த்து இடம் பிடித்தீர்கள்.

போன வாரம் என் மூத்தவன் மில்லிலிருந்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு போடுகிறார்களாம். கிறிஸ்தவன் ஞாயிறு வேலைக்குப் போகலாமா என்று போதகரைக் கேட்டானாம், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். என்னைக் கேட்டான்.

"நீ போகாட்டி ஒன் மெஷின யாரு பாப்பா?" என்றேன்.

ஒரு பெயரைச் சொன்னான். ஆயக்குடிப் பக்கத்துக்காரராம், பிள்ளைகுட்டிக்காரராம்.

"அவருக்கு லீவு என்னைக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் எனக்கெப்பிடிம்மா தெரியும்?" என்றான்.

"கேட்டுட்டு வா" என்றேன். "ஒனக்கு ஓய்வு வேணும்னா மொதல்ல அதக் கேளு. பெறகு வேதத்துல என்ன சொல்லியிருக்குன்னு பாப்போம்."

அவன் இன்னும் கேட்டுவரவில்லை, அக்கா. நானும் விடுவதாக இல்லை.