சோற்றில் நட்ட கரண்டி

ஆனி 8, வியாழன்

காலையில் மூடாக்கு. மழை இல்லை. மொட்டை மாடியில் புளி காய வைத்தேன். காக்கைத் தொல்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏழுமலை ஆரம்பித்தான். யமுனா இரண்டாம் வருஷம் போக வேண்டாமாம். என் பேத்தி யூனிவர்சிட்டியில் படிப்பது கொரியா நாடும் அந்த பாஷையும். கம்பெனியில் கொரியாக்காரர் பேசுவதைத் தமிழில் மாற்றிச் சொல்லும் வேலை கிடைக்கும் என்று என் மகன் நினைத்திருந்தான். புத்தகத்தில் இருப்பதோ ராஜாக்கள், சண்டை, நாற்று நடவு, கல்யாணம், சாவு.

"மெஷின் பேரு ஒண்ணாவது சொல்லிக் குடுத்தாங்களாடி?"

"அதெல்லாம் வேலைக்குப் போனா கத்துக்கலாம்பா. இது அந்த ஊரைப் பத்தின படிப்பு."

"ஊரைப் பத்தி தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற? அங்க ஓட்டா போடப் போற?"

அதற்குப் பதில் வாலாஜாபாத்தில் ரத்தம் பரிசோதிக்கிற படிப்பாம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்கிறான். அவள் பாதிச் சோற்றில் எழுந்து போனாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. என் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியபோதும் கேட்கவில்லை. நிறுத்தியது என் மாமன் துரைசாமி. செத்துப் போனார். இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனி 9, வெள்ளி

ஒரே காற்று. புழுதி. இடது முழங்கால் வலி.

யமுனா முகம் வீங்கி இருந்தது. பேச்சை மாற்ற அந்த ஊர் சமாச்சாரம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்தது.

— பெரியப்பாவுக்கு அங்கேயும் 'பெரிய அப்பா' என்றே பேர். சித்தப்பா 'சின்ன அப்பா'. அத்தை வேறு, சித்தி வேறு. எல்லாரையும் ஆன்ட்டியில் அடக்குவது இல்லை.

— வயசு தெரியாமல் பேச்சையே ஆரம்பிக்க மாட்டார்கள்.

— முட்டைக்கோஸை மிளகாய் போட்டு ஊற வைத்து மாசக்கணக்கில் தின்பார்கள். நாற்றம் வருமா? வருமாம்.

"கொழுந்தன் பொண்டாட்டி, அதான் ஓர்ப்படி, அவளுக்குத் தனியா பேரு கீதா?"

"கீது ஆயா."

அப்படியானால் சண்டையும் இருக்கும்.

ஆனி 10, சனி

கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். மாவு புளித்தது.

ஏழுமலையின் லைனைப் பார்த்துக்கொள்ளும் கொரியாக்காரர், பார்க் சார், நாளை மதியம் இங்கே சாப்பிட வருகிறார். "அவராண்ட இவ பேசட்டும். பேச வரலைன்னா திங்கக்கெழம வாலாஜாபாத்" என்கிறான். மருமகள் சாந்தி கோழிக்குச் சொல்லி அனுப்பினாள். யமுனா கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பேசுகிறாள்.

ஆனி 11, ஞாயிறு

வந்தார். நல்ல உயரம். செருப்பை வாசலிலேயே விட்டார், சொல்லாமலே. என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். நானும் குனியப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை.

கம்பெனி பேச்சு எடுத்தார். யமுனா இரண்டு இடத்தில் முழித்தாள். ஏழுமலை முகம் கறுத்தது.

பிறகு சாப்பாடு. அவர்கள் கரண்டியால் சாப்பிடுவார்கள் என்று ஏழுமலையே கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் கரண்டியை நட்டு, மரியாதையாகக் கொண்டுவந்து வைத்தான். அந்த மனுஷர் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. யமுனா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தாள். தலை குனிந்து ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். அப்புறம்தான் சாப்பிட்டார். இரண்டு தரம் ரசம்.

அவர் வண்டி ஏறியதும் ஏழுமலை பிடித்துக்கொண்டான். "விருந்தாளி முன்னாடி கை நீட்டிக் கரண்டியப் புடுங்கறா. மானமே பூட்ச்சி."

"செத்தவங்களுக்குப் படைக்கும்போதுதான்பா அங்க சோத்துல கரண்டிய நட்டு வெப்பாங்க. சின்ன வயசுல இப்டி நட்டா அவங்க ஆயா கையிலயே அடிப்பாங்களாம், அதச் சொல்லித்தான் சிரிச்சாரு."

ஏழுமலை உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு உடனே புரிந்தது. சாவு வீட்டில் போடுவது போல இலை நுனியை வலப்பக்கம் திருப்பிப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும். என் ஓர்ப்படி கனகா தன் வீட்டுக் காதுகுத்தில் எனக்கு அப்படித்தான் போட்டாள். அன்றோடு அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. "தெரியாமப் போட்டிருப்பாங்க ஆயா" என்கிறாள் யமுனா. ஏழுமலை தெரியாமல் நட்டான். கனகா தெரிந்துதான் போட்டாள்.

ஆனி 12, திங்கள்

விடியலில் தூறல். புளியை உள்ளே எடுத்தாயிற்று.

யமுனா சுருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஏழுமலை பல் விளக்கியபடி வந்து நின்றான்.

"பார்க் சாரோட அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம், ஊருக்குப் போறாரு. அவங்க பாஷையில இன்னா சொல்லி அனுப்பறது? தப்பா எதுனா சொல்லிறப் போறேன்."

எழுந்து சொல்லிக் கொடுத்தாள். குளிக்கும்போது சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தான். வந்து தலை துவட்டிக்கொண்டே கேட்டான்.

"அந்தக் கரண்டி மாதிரி இன்னும் எத்தினி கீது?"

"நெறைய கீதுப்பா."

"அப்பப் போய் மிச்சத்தையும் படிச்சிக்கினு வா. வண்டிய எடுக்கறேன், பஸ் ஸ்டாண்டுல வுடறேன்."

அவள் பையைத் தேடுவதற்குள் நான் ஒன்று சொல்லி அனுப்பினேன். அந்த ஊரில் மாமியார் செத்தால் மருமகள் எத்தனை நாள் அழ வேண்டும், வாத்தியாரிடம் கேட்டு வா என்று.

உள்ளேயிருந்து சாந்தி, "எத்தினி நாள் கழிச்சி சிரிக்கலாம்னும் சேத்துக் கேளுடி" என்றாள்.

இதையும் மறக்க மாட்டேன்.