ஒட்டகத்தைக் கட்டினியா, மச்சான்?

மச்சான், கழுவக் கழுவ விரலிலிருந்து அந்த வாடை போகவில்லை. சாமான் கட்டும் பெல்ட் நனைந்து கிரீஸோடு கலந்த வாடை. நீ உயிரோடிருந்த காலத்தில், உன் கையால் நீட்டிய வட்டிலப்பத்தில்கூட அது இருந்தது.

இன்று உன் குட்டி டிரக்டரை ஹுன்னஸ்கிரியவுக்கு ஏற்றிப்போனேன். அங்கே மரக்கறித் தோட்டம் செய்கிற ஒருவர் வாடகைக்குக் கேட்டிருந்தார். நீ போன பிறகு உன் வீட்டில் அடுப்பெரிவது அந்த டிரக்டரால்தான். கெப் வண்டியில் டிரெய்லரைப் பூட்டும்போது உன் மனைவி, என் தங்கச்சி, வாசலில் நின்றாள்.

"நானா, நீங்க கட்டினா எனக்குப் பயமில்ல."

நான் சும்மா இருப்பேனா? "நான் கட்டின கட்ட அவுக்க வந்தா, பூகம்பமே நகம் ஒடஞ்சி அழுதுட்டுப் போகும்!"

நன்றாகத்தான் கட்டினேன். கலப்பையை டிரெய்லர் தட்டில் இறக்கி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன்னுக்கு இரண்டு பெல்ட், பின்னுக்கு இரண்டு, எல்லாம் குறுக்காக. ஆனால் உன் வழக்கம் அதோடு முடிவதில்லையே. அக்குறணையை விட்டு முதல் மதகு வந்ததும் நிறுத்துவாய். இறங்கி ஒவ்வொரு பெல்ட்டையும் இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாய். "ஓட ஓட டயர் அமுங்கும், பெல்ட் தளரும். ஒட்டகத்த ரெண்டு தரம் கட்டோணும் மச்சான்." ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்பார்களே, அதற்காக டிரக்டருக்கே ஒட்டகம் என்று பெயர் வைத்தவன் நீ.

அந்த மதகடியில்தான் தேத்தண்ணிக் கடை. அங்கே உன்னை நடித்துக் காட்டித்தான் நான் பேரரசனானேன். "ஹக்கீம் நாடி பாக்கிறார்! ஒட்டகத்துக்குத் தடிமன் காய்ச்சலாம்!" கூரை பறந்து மாத்தளையில் விழும் அளவுக்குச் சிரிப்பார்கள். நீயும் சிரித்துக்கொண்டே அடுத்த பெல்ட்டுக்குப் போவாய்.

இன்றும் அதே கூட்டம். "என்ன, நாடி பாக்கல்லியா?" என்று ஒருவன் கத்தினான். இறங்கினால் என் பகிடி என் தலையிலேயே விடியும். மன்னர் பவனி போலக் கையை உயர்த்திவிட்டுப் போய்விட்டேன்.

தெல்தெனிய தாண்டி ஏற்றத்தில், பின்னால் வந்த த்ரீவீல் ஓயாமல் ஹோர்ன் அடித்தது. என் ஓட்டத்தை மெச்சுகிறான் என்றே நினைத்தேன். அவன் பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

"ஐயா, நிப்பாட்டுங்க! மெஷின் சாயுது!"

பின் பெல்ட் ஒன்று கழன்று தார் ரோட்டில் இழுபட்டது. டிரக்டர் தட்டின் ஓரத்துக்கு வந்திருந்தது. கீழ் வளைவில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"நம்ம ஆளுங்க கீழ போறாங்க, பாத்தீங்களா?" என்றான். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கதை அளந்திருப்பேன்.

தூறலில் நனைந்தபடி மறுபடி கட்டினேன். போய்ச் சேர்ந்ததும் தங்கச்சியின் போன் கோல் வந்தது. "நானா, அவர் மாதிரி மதகடில பாத்தீங்களா?"

நாக்கு நுனியில் ஏழு கடல் பொய் ததும்பியது.

"இல்ல தங்கச்சி. கடைக்காரனுகள் சிரிப்பானுகள் என்டு பாக்காமப் போயிட்டேன். வழியில அவுந்துட்டு."

"வரக்குள்ள பாத்து வாங்க" என்றாள்.

திரும்பும்போது டிரெய்லர் வெறுமை. இருந்தும் மதகடியில் நிறுத்தி இறங்கினேன். சுருட்டிக் கட்டியிருந்த பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தொட்டேன். கடை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த பெல்ட்டுக்குப் போனேன்.

விரலைக் கழுவுவதை இப்போது நிறுத்திவிட்டேன், மச்சான்.