சத்தம் கேட்காத தபால் கழுதை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. மழை மலையோடு நின்றுவிட்டது, எங்கள் வேலந்தாவளத்துக்கு வெறும் சாரல். முற்றத்தில் இரண்டு தென்னை மட்டை விழுந்தன.

என்னைப் புரட்டிப் போட்டது: 6, 8, 10, 12. எல்லாம் சரியாக. குதிகால் புண் காய்கிறது. காற்று மெத்தையின் மோட்டார் மறுபடி இருமுகிறது, அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

இடப்பக்கம் படுத்தால் சன்னல். வலது கை சும்மா இருக்கும், எழுதலாம். வலப்பக்கம் படுத்தால் சுவர். கை உடம்புக்கடியில் போய்விடும், எழுத முடியாது. இரண்டிரண்டு மணி நேரமாக நறுக்கிய நாள். கஞ்சிக்கோட்டு சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஒன்பது மாதம். இடுப்புக்குக் கீழே இன்னும் ஒன்றும் இல்லை.

பள்ளி திறந்துவிட்டது. வேன் ஹாரன் கேட்டதும் என்னை அறியாமல் ஒரு பாட்டை முனகினேன். மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்த ராணி அக்கா அடுத்த அடியை முனகினார்.

"தபால் கழுதைல்லா பாப்பா இது?"

ராணி அக்கா, ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ். மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவர். என்னைவிட நான்கு வயது மூப்பு. வந்து நாற்பது நாள். இத்தனை நாளும் நாங்கள் பேசியது: சுடுதண்ணி, மாத்திரை, வலிக்கா.

தபால் கழுதை. சின்ன வயதில் டிவியில் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வரும். எங்கோ வெளிநாட்டுக் கார்ட்டூன், தமிழில் பேசும். சிவப்புப் பை மாட்டிய கழுதை பனிமலையில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும். எனக்கு அது பனி என்றே தெரியாது. கோழிப்பண்ணையில் தூவுகிற சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன். சொன்னதும் அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு அது எங்க ஊருதான். மஞ்சு எறங்குச்சுன்னா மலை அப்படித்தான் இருக்கும். என்னிக்காச்சும் கழுதை எங்க லயத்துக்கும் வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

10, செவ்வாய்

நினைவு வந்தவை:
கழுதையின் இடது காது மடங்கியிருக்கும்.
பாலத்துக் காவல்காரன் நரி. சீட்டு இல்லாமல் விடாது.
படிக்கத் தெரியாத கிழட்டு ஆடு. அதற்கு மட்டும் தினம் ஒரு கடிதம்.

ஆட்டுக்கு யார் எழுதினார்கள்? எனக்கு நினைவில்லை. அக்காவுக்குத் தெரியுமாம்.

"கழுதையேதான் எழுதும். தனியாக் கெடக்குற ஆடு அழுவக் கூடாதுல்லா."

அப்படி ஒரு கதை நான் பார்க்கவே இல்லையே என்றேன். அப்போதுதான் சொன்னார். அவர்கள் லயத்தில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகப் பத்து வீடு, ஒன்றிலும் டிவி இல்லை. சூப்பர்வைசர் வீட்டு சன்னல்தான் கதி.

"வெளிய நின்னு பாப்போம். நான் குட்டை, வெறகு அடுக்குமேல ஏறிக்கிடுவேன். பாட்டு மட்டும் கேக்கும். பேச்சு கேக்காது, வாயத்தான் அசைக்கும். அதனால பேச்ச நாங்களே போட்டுக்கிட்டோம். நரிக்கு எங்க அண்ணன். ஆட்டுக்கு நான்."

"உள்ள கூப்பிட மாட்டாங்களா?"

"கூப்புடுவாகளா?" என்றார். நான் வேண்டுமென்றே தமாஷ் பண்ணுகிறேனா என்று முகத்தைப் பார்த்தார்.

இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். ஆட்டுக்கு யார் எழுதியிருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

11, புதன்

வெயிலும் சாரலும் மாறி மாறி. பிசியோதெரபிக்காரர் வந்தார், கையை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் போனில் தேடினேன். யாரோ தபால் கழுதையின் மூன்று பாகங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அக்காவைக் கூப்பிட்டேன். போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றார்.

"உக்காருங்க அக்கா."

"இருக்கட்டும் பாப்பா. நின்னு பாத்தே பழக்கம்."

இந்த வீட்டில் அவர் உட்காருவது தரையில், பாயில். அவருடைய தட்டும் டம்ளரும் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே உள்ள திட்டில். நாற்பது நாளாகச் சன்னல் வழியே தெரிகிறது. நாற்பது நாளும் இந்த நோட்டில் வானிலை எழுதினேன், புண்ணின் அளவு எழுதினேன், தட்டை எழுதவில்லை.

நான்கு முறை சொன்னேன். கடைசியில் கொஞ்சம் அதட்டியே சொன்னேன். விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டாம் பாகத்தில் கால்மாட்டுக் கம்பியில் சாய்ந்திருந்தார். ஒலியை அணைக்கச் சொன்னார், பேச்சை அவரே போட்டார்.

"ஏலே கழுத, சீட்டு எங்க?" இது நரி.
"தொலைஞ்சுபோச்சுங்கய்யா. வேணும்னா என் காத மடக்கிக்கோங்க."
"அதான் ஏற்கெனவே மடங்கிக் கெடக்கே."

எனக்குச் சிரித்து மூச்சு முட்டியது. ஒன்பது மாதத்தில் இப்படிச் சிரிக்கவில்லை.

அம்மா காபியோடு வாசலில். ஒரு டம்ளர். எவ்வளவு நேரம் நின்றாளோ. அக்கா எழுந்துவிட்டார்.

"மணி நாலு இருவது. திருப்பிப் போடலயா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

12, வியாழன்

முன்வாசலில் அம்மா, ஏஜென்சியோடு போனில்: "ஏனுங், ஆளு நல்ல ஆளுதானுங். கொறை சொல்றதுக்கில்லீங். நேரத்துக்குத் திருப்பிப் போடறதில்லீங், அதானுங். புள்ளைக்குப் புண்ணு வந்துருமுங்க. வேற ஆளு பாத்து அனுப்பி உடுங்."

கூப்பிட்டேன். மூன்றாவது முறைக்கு வந்தாள்.

"அம்மா, நேத்து நான்தான் அக்காவ உக்காரச் சொன்னேன்."

"அவ என்ன உனக்கு அக்கா? அவ உக்காந்ததப் பத்தி நான் பேசவே இல்லியே கண்ணு. நேரத்தப் பத்தித்தான பேசறேன்."

"இருபது நிமிஷம். நாப்பது நாள்ல ஒரே ஒரு தடவ. அதுவும் என்னாலதான்."

"பத்து மணி ஆச்சு. திரும்பு."

ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். அம்மாவுக்கு நன்றாகவே வரும். முகம் சுவருக்குப் போய்விட்டது. மீதியைச் சுவரிடம் சொன்னேன். வாளியை எடுத்துக்கொண்டு அவள் போகும் சத்தம் கேட்டது.

(இதை 12 மணிக்குப் பிறகு எழுதுகிறேன்.) அம்மா கெட்டவள் என்று எழுதிவிட்டால் சுலபம். எனக்குப் பீ அள்ளியவள். அப்பாவிடமும் சொன்னேன். "உங்கம்மா பாத்துக்குவா அம்மிணி" என்றார். மெத்தை மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். தோப்புக்குப் போய்விட்டார்.

13, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

அக்கா கிளம்பினார். ஒரு பை. ஏஜென்சியில் புகார் என்று எழுதிவிட்டதால் உடனே வேறு வீடு தரமாட்டார்களாம். "பத்து நாளு ஆபீஸ்ல சும்மா ஒக்கார வைப்பாக. அங்க ஒக்காரலாம், யாரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாக." சிரித்தார். என்னால் முடியவில்லை.

"நான் கூப்பிட்டிருக்கக் கூடாது அக்கா."

"ஒக்காந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பாப்பா. ஒங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான கூப்புட்டீக. அதான் ஒக்காந்தேன்."

பிறகு, "குதிகாலுக்குச் சின்னத் தலகாணி வைக்கச் சொல்லுங்க. வாரவுக மறந்துருவாக."

தன் தட்டைக் கழுவித் திட்டில் கவிழ்த்து வைத்தார். சன்னல் வழியே பார்த்தேன். போனது முன்வாசல் வழியாக. அது இந்தச் சன்னலுக்குத் தெரியாது.

14, சனி

சாரல். புதியவள் காலையிலேயே வந்துவிட்டாள். திருச்சூர்ப் பக்கம், மலையாளம். சின்னப் பெண், கெட்டிக்காரி. போனில் இரண்டு மணிக்கொரு அலாரம். அம்மா அவளிடம் குடும்ப வீட்டுப் பெயரைக் கேட்டாள், அவள் அப்பா பெயரைக் கேட்டாள், அம்மாவுக்கு முகம் தெளிந்தது. எங்கள் தட்டில் அவளுக்குத் தோசை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. யாரும் நான்கு முறை சொல்லவில்லை.

நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றாளே அன்று அம்மா.

திட்டில் அந்தத் தட்டு கவிழ்ந்தபடியே நனைகிறது.

ஐந்தரை. போனில் தபால் கழுதையைப் போடச் சொன்னேன். ஒலியை அணைத்தேன்.

"சவுண்ட் வேண்டே சேச்சி?"

வேண்டாம் என்றேன். கழுதை பாலத்துக்கு வந்தது. நரி வாயை அசைத்தது. கழுதை வாயை அசைத்தது. அடுத்து ஆடு. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மூன்று பாகமும் ஓடி முடிந்தன. இவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரியாமல்.

மறுபடி போட்டிருக்கிறேன். ஆட்டுக்காவது ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று நோட்டை எடுத்தேன். அன்புள்ள

அலாரம். சுவர்ப்பக்கம்.